கண்ணாடிக்கு வராத காற்று

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மோசமான மெக்கானிக் இல்லை. பதுளையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பசறை ரோட்டில் இத்ரூஸ் கராஜ் என்றால் பஸ் டிரைவர்களிலிருந்து தோட்டத்துத் துரைமார் வரைக்கும் தெரியும். ஆஸ்டின், மொரிஸ், பெட்போர்ட் லொறி எல்லாம் கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றிப் பூட்டுவேன். என்னிடம் இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். ‘எனக்குத் தெரியாது’ என்கிற பேச்சு என் வாயிலிருந்து வராது. என் பெண்சாதி றஷீனாவுக்கு அது தெரியும். கராஜில் வேலை பார்த்தவனுக்கெல்லாம் தெரியும். வீரய்யாவுக்கு மட்டும் தெரியாமல் போனது.

வீரய்யா ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டத்தில் துரையின் டிரைவர். முப்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், சிரித்த முகம். எழுபத்தேழில் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு ஜப்பான் வண்டிகள் வந்து குவிந்தனவே, அதில் ஒரு வேனை அவனுடைய துரை வாங்கியிருந்தார். ஏசி பூட்டின வேன். மனிதர்கள் இரண்டு கம்பளி போர்த்துக்கொண்டு காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்குப் போகிற ஊரில் ஏசி எதற்கு என்று நான் கேலி பண்ணினேன். துரை கொழும்புக்கு இறங்கும்போது அவருக்கு வேர்க்கக்கூடாதாம். ஆனால் டிரைவருக்கு அதில் வேறொரு நன்மை இருந்தது. முன் கண்ணாடியின் அடியில் ஒரு நீளமான ஓட்டை இருக்கும். சுவிட்சைப் போட்டால் அதன் வழியாகக் காற்று வந்து கண்ணாடியில் படிகிற ஆவியைத் துடைத்தது மாதிரி எடுத்துவிடும். பனிமூட்டத்தில் வண்டி ஓட்டுகிறவனுக்கு அந்தக் காற்றுதான் கண்.

அந்தக் காற்று வரவில்லை என்றுதான் அவன் என்னிடம் வந்தான். எண்பத்தோராம் ஆண்டு ஆறாம் மாதம் பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. தேதியை ஏன் இவ்வளவு சுத்தமாகச் சொல்கிறேன் என்பது போகப் போக விளங்கும்.

"நானா, ஒரு கெழமையா கண்ணாடிக்குக் காத்து வரமாட்டேங்குதுங்க," என்றான். "மூஞ்சிக்கு வருது, காலுக்கு வருது. கண்ணாடிக்கு மட்டும் இல்ல. மூட்டம் எறங்கினா முன்னுக்கு ஒண்ணுமே தெரியல. தொரை கண்டபடி ஏசுறாரு."

நான் உள்ளே ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங்குக்கு நேரே, கண்ணாடிக்கு அடியில், கதிர்காமத்து முருகன் படம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தான். பக்கத்தில் ஒரு பால்டின் மூடியில் திருநீறு. படத்தின் மேல் சாய்ந்தபடி மூன்று அரசாங்கக் கடித உறைகள். மூன்றிலும் விரலால் திருநீறு பூசியிருந்தது.

"என்னடா இது, தொரைட கரண்ட் பில்லுக்கெல்லாம் துண்ணூறா?" என்றேன்.

அவன் சிரித்தான். "எது நம்மளுதுன்னு தெரியாதுங்களே நானா. எல்லாமே சிங்களம். தோட்டத்துத் தபால நாந்தான் பதுளையிலயிருந்து எடுத்துக்கிட்டுப் போறேன். கவர்மெண்டுக் கடுதாசி வந்திச்சின்னா எல்லாத்தையும் சாமிகிட்ட வச்சி, துண்ணூறு பூசி, ஆபீஸ் போய்ச் சேருற வரைக்கும் கும்பிட்டுக்கிட்டே போவேன். அங்க நல்லையா கிளாக்கரு பிரிச்சிப் பாத்து யாருக்குன்னு சொல்லுவாரு."

"இன்னும் வரல்லையா ஒன்ட கடுதாசி?"

"வரலீங்க."

அந்தக் கடுதாசியைப் பற்றி எனக்கு முன்பே சொல்லியிருந்தான். அவனுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. அவன் மனைவி பாக்கியலெட்சுமிக்குக் கிடைக்கவில்லை. அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அவளுடைய தகப்பன் இந்தியாவுக்கே போகிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், குடும்பத்தோடு அவள் பெயரையும் சேர்த்து. தகப்பன் மௌத்தாகி மண்ணுக்குள் போய்ப் பல வருஷம். ஆனால் எழுதின பெயர் எழுதினதுதானே. போன வருஷம் அவள் பெயருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்து நின்றது. கட்டின புருஷன் இங்கே, அவள் அங்கே. இரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று, அதையும் அவளுடைய பாஸ்போர்ட்டில்தான் சேர்த்திருந்தார்கள். வீரய்யா யார் யார் காலையோ பிடித்து, மனைவியைத் தன்னோடு சேர்த்து இங்கேயே வைத்துக்கொள்ள ஒரு மனுப் போட்டிருந்தான். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், கலியாணப் பதிவையும் எடுத்துக்கொண்டு புருஷனும் பெண்சாதியும் நேரில் போய் நிற்க வேண்டும். கூப்பிடுகிற கடுதாசிக்காகத்தான் ஊரார் கடுதாசிக்கெல்லாம் திருநீறு.

நான் வேலையைப் பார்த்தேன். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. பியூஸ் சரி. ஃபேன் சுற்றுகிறது. காற்றை மேலே திருப்புகிற தகட்டின் கம்பியை இழுத்துப் பார்த்தேன், அதுவும் வேலை செய்தது. அப்படியென்றால் தகட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில் குழாயில் என்னவோ அடைத்திருக்கிறது. ஃபேனைக் கூட்டி வைத்துக் காதைக் கொடுத்தேன். உள்ளே சரசரவென்று ஒரு சத்தம். கூட்டினால் படபடவென்று அடித்தது. குறைத்தால் நின்றுவிட்டது.

அந்தச் சத்தத்தை நான் என் காதால் கேட்டேன். இன்றைக்கும் கேட்கிறது, அல்லாஹ்வே.

குழாயைப் பார்க்க வேண்டுமானால் டாஷ்போர்டை முழுதாகக் கழற்ற வேண்டும். அது முழுக்க பிளாஸ்டிக். எங்கே ஸ்குரூ, எங்கே கொக்கி என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒரு வண்டியை அதுவரைக்கும் நான் திறந்ததே இல்லை. இழுத்து உடைத்துவிட்டால் இத்ரூஸின் மானம் பசறை வரைக்கும் போகும். ‘எனக்குத் தெரியாது வீரய்யா, கண்டிக்குக் கொண்டு போ’ என்று சொல்லியிருக்கலாம். ‘நாளைக்கு வா, மெதுவாகக் கழற்றிப் பார்ப்போம்’ என்றாவது சொல்லியிருக்கலாம். நான் கையைத் துடைத்துக்கொண்டு பெரிய டாக்டர் மாதிரி இறங்கினேன்.

"காஞ்ச எலை ஒண்டு உள்ளுக்குப் போயீக்கி. அது தன்னாலே நொறுங்கிப் போகும். இதுக்குப் போய் வண்டியப் பிரிக்கிறதா?"

"அதுவரைக்கும் என்னங்க செய்யறது?"

"பொகையிலையக் கிழிச்சி நனச்சிக் கண்ணாடியில தேயி. ஆவி புடிக்காது. நாங்க லொறி ஓட்டின காலத்துல ஏசியா இருந்திச்சி?"

படபடச் சத்தம் துரையின் காதில் விழாமல் இருக்க, மேல்தகட்டை ஒரு கம்பித் துண்டால் இழுத்துக் கட்டினேன். காற்றெல்லாம் முகத்துக்கும் காலுக்கும் போனது. சத்தம் நின்றது. ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். நேரம் ஆகவில்லை. இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது.

ஏழாம் மாதக் கடைசியில் அவன் வேறொரு வேலையாக வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. மனு தள்ளுபடியாகிவிட்டது என்று கடுதாசி வந்திருந்தது. கூப்பிட்டும் நீங்கள் வராதபடியால் என்று அதில் எழுதியிருந்ததாம்.

"எப்பங்க கூப்பிட்டாங்க? எங்க அந்தக் கடுதாசி?" என்று என்னிடம் சண்டைக்கு வருகிற மாதிரிக் கேட்டான். "நாங் கொண்டு போய்க் குடுக்கிற தபாலெல்லாம் நல்லையா கையிலதான் போகுது. அவந்தான் ஒளிச்சிருக்கான். போன வருசம் அவன் தம்பிய வேன்ல ஏத்தாம வந்தேன்னு மனசுல வச்சிக்கிட்டு இருந்திருக்கான் நானா. ஆபீஸ் வாசல்லயே வச்சி அறைஞ்சிட்டேன்."

"நல்லையாவையா?"

"பின்ன? அவரு புள்ளைங்க மேல சத்தியம் பண்றாரு. பண்ணட்டும். என் வீட்ல அடுப்பு எரியலீங்க."

நல்லையா என்கிற அந்தக் கிளாக்கரை எனக்கும் தெரியும். வாயில்லாப் பூச்சி. ஒரு பென்சிலைக்கூட எடுக்க மாட்டார். ஆனாலும் நான் என்ன சொன்னேன்? "கந்தோர்ல ஈக்கிற எவனையும் நம்பேலா" என்று எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றினேன். பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் வேன் எனக்கு முன்னால்தான் நின்றது. போனட்டில் கையை ஊன்றிக்கொண்டுதான் நின்றேன். கண்ணாடியில் புகையிலைக் கறை மஞ்சளாக வழிந்து காய்ந்திருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவன் கொழும்புக்கும் போய் வந்தான். ஒரு நாள் முழுக்க நின்றதற்கு, முடிந்தது முடிந்ததுதான் என்று சொன்னார்களாம். பாக்கியலெட்சுமியின் வீசா முடிந்தது. ஒன்பதாம் மாதத்தில் ஒரு நாள் அவள் புறப்பட்டாள்.

அன்றைக்கு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிறவர்களின் கோச்சி புறப்படுகிற நாட்களில் பதுளை ஸ்டேஷனில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பெட்டிக்கு உள்ளே இருந்து ஒரு அழுகை, வெளியே இருந்து ஒரு அழுகை. கிழவிகள் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். தகரப் பெட்டி, அம்மி, கோழிக் கூடு, எல்லாம் பிளாட்பாரத்தில் கிடந்தன. வீரய்யா அழவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டே இருந்தான். நான் ஒரு பிஸ்கட் பக்கட் வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுத்தேன்.

பாக்கியலெட்சுமி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அழுது அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"நானா, அவரக் கொஞ்சம் பாத்துக்குங்க," என்றாள். "அந்த வேன் கண்ணாடியில முன்னுக்கு ஒண்ணுந் தெரியல, தெரியலன்னு தெனமும் சொல்லிக்கிட்டே இருக்காரு. ஒரு நாளைக்குப் பள்ளத்துல விட்டுருவாரோன்னு பயமா இருக்குங்க. அத மட்டும் ஒருக்காச் செஞ்சி குடுத்திருங்க."

"அடுத்த கெழம வரச் செல்லுங்கோ," என்றேன்.

அடுத்த கிழமை அவனும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. கோச்சி போன பிறகு அவன் ஸ்டேஷன் வாசலில் வேனுக்குள் உட்கார்ந்து, மடியில் இருந்த புகையிலையைக் கிழித்துக் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்கு ஞாபகம்.

பதினோராம் மாதம் மழையும் மூட்டமும் சேர்ந்து வந்தன. அப்புத்தளையிலிருந்து துரையை ஏற்றிக்கொண்டு வரும்போது ஒரு வளைவில் கண்ணாடி வெள்ளையாகிப் போய், வேன் மதகுக் கல்லில் மோதியது. இன்னும் ஒரு முழம் தள்ளிப் போயிருந்தால் இருவரும் பள்ளத்தில். துரை மறுநாளே சொல்லிவிட்டார். கண்ணாடிக்குக் காற்று வர வேண்டும், இல்லாவிட்டால் வேறு டிரைவர் வருவான். வீரய்யாவிடம் இருந்ததே அந்த வேலை ஒன்றுதான். வெள்ளிக்கிழமை காலையில் வேனைக் கொண்டு வந்து நிறுத்தினான்.

இந்தத் தடவை நான் தப்பிக்க வழியில்லை. ஸ்குரூக்களைப் போட ஒரு பால்டின்னை எடுத்து வைத்துக்கொண்டு தொடங்கினேன். முருகன் படம் தடையாக இருந்தது. வீரய்யா தானே அதை மெதுவாகப் பிய்த்தெடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பழைய டயரில் உட்கார்ந்தான். நான் ஸ்டியரிங் மூடியைக் கழற்றினேன், ரேடியோவைக் கழற்றினேன், காற்று வரும் வாய்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். ஒரு கொக்கி உடைந்தது. ஜப்பான்காரனின் பரம்பரையையே ஏசினேன். உடைந்ததும் உலகம் இடிந்து விழவில்லை. ஒரு கொக்கி, அவ்வளவுதான். அதற்குப் பயந்துதான் ஐந்து மாதம்.

"பாக்கியம் எழுதியிருக்குங்க நானா," என்றான் வீரய்யா. "கோத்தகிரிப் பக்கம் தேயிலத் தோட்டத்துல வேல குடுத்திருக்காங்களாம். அங்கயும் நல்லாக் குளிருதாம். புள்ள அப்பா எங்க, அப்பா எங்கன்னு வேன் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடுதாம்."

நான் தலையை டாஷ்போர்டுக்குள் விட்டுக்கொண்டு "உம்" என்றேன்.

"பிளேன்டீ வாங்கிட்டு வர்றேங்க," என்று எழுந்து போனான்.

அவன் போன பிறகுதான் குழாயின் மேல்மூடி கையோடு வந்தது. டோச் அடித்துப் பார்த்தேன். தகட்டின் மேல் வளைந்து படுத்தபடி ஒரு பழுப்பு உறை. சுற்றிலும் சாமி படத்துக்கு வைத்த பூவின் காய்ந்த இதழ்களும் திருநீற்றுத் தூளும். வெளியே எடுத்தேன். அரசாங்க முத்திரை. ஒரு ஓரம் ஈரத்தில் சுருங்கியிருந்தது. நடுவில் மூன்று விரலால் இழுத்த திருநீறு அப்படியே இருந்தது. கீழே தோட்டத்தின் பெயரும் அவன் பெயரும்.

பிரித்தேன். நான் பதுளையிலேயே பிறந்து வளர்ந்தவன், சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேலே எண்ணில் போட்டிருந்தது கடிதம் எழுதின தேதி, ஐந்தாம் மாதம் இருபத்தொன்பது. உள்ளே எழுத்தில் போட்டிருந்தது விசாரணைத் தேதி. ஜூன் மாதம் இருபத்து மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, பதுளைக்கு வருகிற அதிகாரிக்கு முன்னால், மனைவியோடும் கலியாணப் பதிவோடும்.

அவன் முதல் தடவை என்னிடம் வந்தது பன்னிரண்டாம் தேதி. பதினொரு நாள் இருந்தது. யா அல்லாஹ், பதினொரு நாள். அந்த வெள்ளிக்கிழமை இந்த மூடியைத் திறந்திருந்தால், அந்தச் செவ்வாய்க்கிழமை இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுளைக்கு வந்து நின்றிருப்பார்கள். சரசரவென்று அது என்னைக் கூப்பிட்டிருக்கிறது. நான் காஞ்ச இலை என்றேன். கம்பியால் கட்டி அதன் வாயை அடைத்தேன். என் கையை வெட்டிப் போட்டால் தகும் என்று நினைத்தேன்.

நினைத்ததோடு சரி. அடுத்த நிமிஷமே அதை எங்கே ஒளிக்கலாம் என்று பார்த்தேன். அதற்குள் வீரய்யா இரண்டு கிளாஸ் பிளேன்டீயோடு வந்துவிட்டான்.

உறையைப் பார்த்ததுமே நின்றான். "அது நான் பூசின துண்ணூறுங்களே," என்றான். தேநீர் கையில் சிந்தியதைக்கூட அவன் கவனிக்கவில்லை. "எங்க இருந்திச்சி? உள்ளுக்கா?"

"ஓட்டைக்குள்ள வழுகி உழுந்தீக்கி."

"என்னது நானா? அதுதானா? வாசிங்க. வாசிச்சிச் சொல்லுங்க."

வாசித்தேன். பெயரை வாசித்தேன். மனு நம்பரை வாசித்தேன். கலியாணப் பதிவைக் கொண்டு வரச் சொன்னதை வாசித்தேன். தேதி வந்தது. என் நாக்கு ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை, அதைத்தான் சொல்ல வேண்டும்.

"ஜூன் மாசம் ஒம்பதாந் தேதி," என்றேன். "செவ்வாக்கெழம."

அவன் கணக்குப் பார்த்தான். உதடு அசைந்தது. "நான் ஒங்ககிட்ட வந்தது வெள்ளிக்கெழமைங்களே."

"ஓ. அதுக்கு மூணு நாளைக்கு முந்தியே தேதி முடிஞ்சி போச்சி."

கிளாஸ்களைக் கீழே வைத்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான், ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை, சத்தம் கேட்கிற மாதிரி. "அப்ப நாந்தான்," என்றான். "யாருமே இல்லீங்க. நானே பூசி, நானே கும்பிட்டு, நானே உள்ளுக்குப் போட்டிருக்கேன். எம் பொண்டாட்டி புள்ளைய நானே கோச்சி ஏத்தி விட்டுட்டேன். அந்த நல்லையாவப் போட்டு அறைஞ்சேனே, பாவி."

"வேணுமெண்டா செஞ்ச? விடு," என்றேன். ஆறுதல் சொல்ல வந்துவிட்டேன், வெட்கம் கெட்டவன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க மட்டும் என்னங்க நானா பண்ணுவீங்க? ஒங்ககிட்ட வர்றதுக்கு முந்தியே எல்லாம் முடிஞ்சிருச்சே." என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொன்னான். நான் அந்தக் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் பூட்டினேன். சுவிட்சைப் போட்டதும் கண்ணாடிக்குக் காற்று வேகமாக வந்தது. குழாயில் மிச்சமிருந்த திருநீறு எல்லாம் கிளம்பிக் கண்ணாடியில் ஒட்டியது. வீரய்யா அதைத் துண்டால் துடைத்தான். முருகன் படத்தைத் திரும்ப ஒட்டவில்லை. கடுதாசியோடு சேர்த்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

"நேரா நல்லையா கிளாக்கருகிட்டதான் போறேங்க," என்றான். "இந்தக் கடுதாசியக் காட்டி, கால்ல விழுந்திட்டுத்தான் மத்த வேல."

அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நல்லையாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும்.

சனிக்கிழமை முழுக்க எந்த வேன் சத்தம் கேட்டாலும் வாசலைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையும் கராஜைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வருவான், வந்து நாலு பேர் பார்க்க என்னையும் அறைவான். அறைந்தால் நல்லது என்றுகூட இருந்தது. றஷீனா என்னவென்று கேட்டாள். தலைவலி என்றேன். தொழுகையில் நின்றால் ஓதுவது மறந்து, பதினொன்று, பதினொன்று என்றே மனம் சொல்லிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலையில் வந்தான். தபால் எடுக்கப் போகிற நேரம். வேனை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். அடிக்கிற முகம் இல்லை. பையிலிருந்து அந்தக் கடுதாசியை எடுத்து, மடிப்பை நீவி, என் முன்னால் பெஞ்சில் வைத்தான்.

"நானா, அந்தத் தேதிய மறுபடி ஒருக்கா வாசிங்க," என்றான்.

"ஏன்?"

"நல்லையா கிளாக்கரு இருபத்து மூணுங்கிறாரு. எனக்குக் கோவம் வந்திருச்சு. இத்ரூஸ் நானா டவுன்ல பொறந்தவரு, அவருக்கா சிங்களந் தெரியாது, அவரு பொய் சொல்ற ஆளு இல்லைன்னு சொன்னேன். அதுக்கு அவரு மறுபடி கேட்டுப் பாருன்னு மட்டும் சொன்னாரு."

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, கடுதாசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது என்று இன்னொரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். நல்லையாவை இன்னொரு தடவை பொய்யனாக்கியிருப்பான். அவனுக்காக இல்லாவிட்டாலும் அந்த வாயில்லாப் பூச்சிக்காகவாவது நான் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. என் விரலை அந்த எழுத்தின் மேல் வைத்தேன்.

"இருபத்து மூணாந் தேதி," என்றேன். "நல்லையா செல்றதுதான் சரி. நான் அண்டைக்குப் பொய் வாசிச்சேன் வீரய்யா. நீ முதல்ல வந்தண்டைக்கு இது உள்ளுக்குத்தான் இருந்திச்சி. தேதியும் இருந்திச்சி. எனக்கு அந்த வண்டியக் கழட்டத் தெரியாது. தெரியாதெண்டு செல்ல வெக்கமா இருந்திச்சி. அவ்வளவுதான். என்னை அடி. செருப்பக் கழட்டி அடி."

அவன் அடிக்கவில்லை. விரல் விட்டு எண்ணினான். வெள்ளி, சனி, ஞாயிறு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே, ஒரு கை முடிந்து மறு கைக்குப் போய், அதுவும் முடிந்து, திரும்ப முதல் கையின் ஒரு விரலில் வந்து நின்றான். அந்த விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ரோட்டில் பசறை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வேனைச் சுற்றிப் போனது.

"இல்லீங்க நானா," என்றான் கடைசியில். குரல் மிகவும் மெல்லியதாக இருந்தது. "நீங்க மொதல்ல வாசிச்சதே இருக்கட்டும்."

"வீரய்யா..."

"ஒம்பதாந் தேதியே இருக்கட்டுங்க. பாக்கியத்துக்கு அப்படித்தான் எழுதிப் போட்டிருக்கேன், கடுதாசி கெடச்சிருச்சு, ஆனா நமக்கு நேரமே இருக்கலன்னு. அது ஒரு மாதிரி மனசத் தேத்திக்கும். பதினொரு நாளு கையில இருந்திச்சின்னு அதுக்கு எழுத என்னால ஆகாதுங்க. என்னாலயும் அந்தப் பதினொரு நாள மனசுல வச்சிக்கிட்டு இருக்க ஏலாது."

கடுதாசியை எடுக்காமலே திரும்பிப் போனான். பெஞ்சில் ஸ்பேனருக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் கூப்பிட்டேன், அவன் நிற்கவில்லை. வேனில் ஏறினான். சுவிட்சைப் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. கண்ணாடி சுத்தமாக இருந்தது. அதற்குப் பின்னால் அவன் முகம் நன்றாகத் தெரிந்தது. தபால் எடுக்க நேரமாகிவிட்டது, போய்விட்டான்.